முப்பத்தோராம் மனை

ஒரகடம் சிப்காட்டில் இருந்த ஒரு மருந்து ஆய்வுக் கம்பெனியில், 2011 நவம்பர் முதல், எலியறையில் வேலை பார்த்தவர்கள் தினமும் காலை பதினொன்றே கால் மணிக்குக் கால்களைத் தூக்கி ஸ்டூலின் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் நோய் ஒரு கூண்டிலிருந்து இறங்கித் தரை வழியாக இன்னொரு கூண்டுக்குப் போகும். முழுதாகப் போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆகும். கணுக்கால் உயரத்துக்கு மேல் வராது. கண்ணுக்குத் தெரியாது, போகிற வழியில் தரை ஓடு வியர்க்கும், ஈரச் சாக்கு வாடை அடிக்கும். பன்னிரண்டு மணிக்குக் கால்களை இறக்கிவிட்டு எல்லோரும் கேன்டீனுக்குப் போவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் சாம்பார் சாதமும் அப்பளமும்.

கம்பெனிக்கு வேலை கொடுத்தது தைவானில் இருந்த ஒரு நிறுவனம். சீன வைத்தியத்தில் ஒரு வேர் உண்டு. பச்சையாகக் கொடுத்தால் ஈரலைக் கெடுக்கும். கறுப்பு சோயா வேகவைத்த சாற்றில் ஊறவைத்து, ஒன்பது முறை ஆவியில் அவித்து, ஒன்பது முறை காயவைத்தால் அதே வேர் ஈரலைக் காக்கும் என்று அவர்களுடைய பழைய ஏடுகள் சொல்லின. அவிக்கும்போது வேருக்குள் என்ன மாறுகிறது, மாறியது ஈரலுக்குள் போய் என்ன செய்கிறது என்று கண்டு சொல்ல வேண்டும். இரண்டு வருஷ வேலை. சித்த மருத்துவம் படித்த சுந்தராம்பாள் அவிக்கும் பகுதிக்குப் பொறுப்பு. நம்மவர்கள் நாபிக் கிழங்கின் விஷத்தை எடுத்துச் சுத்தி செய்வதும் இதே முறைதான், இதில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். எலிகளின் ரத்தத்தையும் ஈரலையும் சோதிப்பது பேச்சிராஜின் வேலை. கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், உயிர்வேதியியல் முதுகலை, அப்போது இருபத்தேழு வயது. படப்பையில் கிளியம்மாளின் லைன் வீட்டில், வரிசையாக இருந்த எட்டு அறைகளில் ஐந்தாவதில், மனைவி முத்துச்செல்வியோடு குடியிருந்தான். அவள் இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்றாள். இரண்டு பேரும் ஒரே ஷிப்டில் வந்த வாரங்களில் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

தவறு ஆயுத பூஜையில் நடந்தது. அந்த முறை வேரை எட்டுத் தடவை அவித்து முடித்திருந்தார்கள். பூஜையன்று அவிக்கும் அண்டாவுக்கு விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாத்தினார்கள். வெளியே மட்டும் வைத்தால் போதுமா என்று யாரோ கேட்டதால் மூடியின் உள்பக்கமும் பட்டை போட்டார்கள். பூஜை போட்ட இயந்திரத்தை மறுநாள் தீபம் காட்டும் வரை தொடக் கூடாது. வேர் தன் சூட்டிலேயே நாற்பது மணி நேரம் மூடிக் கிடந்தது. பதிவேட்டில் ஒன்பதாவது அவியலுக்கு நேரே, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்ப நினைத்த ஒருவன் முன்கூட்டியே டிக் போட்டுவிட்டான். அடுத்த ஷிப்டுக்காரர்கள் டிக்கைப் பார்த்துவிட்டு வேரைக் காயவைத்துப் பொடித்து எலியறைக்கு அனுப்பினார்கள்.

கெமிக்கல் கொடுத்து ஈரல் கெட்டுப்போன எலிகள் அந்தப் பொடியில் ஒரே வேளையில் தேறின. ஒன்றுமே கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த நல்ல எலிகள் மூன்று வாரத்தில் ஈரல் கெட்டுச் செத்தன. பேச்சிராஜ் இதை எழுதிக்கொண்டு போய் ஆய்வகத் தலைவர் டாக்டர் நயினாரிடம் காட்டினான்.

“ஹெல்தி குரூப் செத்தா அது ஹெல்தி குரூப் இல்லப்பா” என்றார் நயினார். “வேற எலி மாத்து.”

வேறு எலி மாற்றினார்கள். அதுவும் செத்தது. கூண்டுகளைத் துடைக்கும் சின்னப்பையன்தான் முதலில் காலில் உணர்ந்தவன். பெயர்தான் சின்னப்பையன், நாற்பத்தாறு வயது, வல்லக்கோட்டைக்காரன். “சார், காலாண்ட ஜில்லுனு இன்னாவோ போவுது சார்” என்றான். பேச்சிராஜ் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தான். பிறகு இரண்டு நாள் அந்தக் கையால் சாப்பிடவில்லை.

தராசில் வைத்துப் பார்த்தான். பொடி தின்ற எலி நாற்பது நிமிஷத்தில் ஒன்பது கிராம் குறைந்தது; அடுத்த கூண்டு எலி ஒன்பது கிராம் கூடியது. வேர் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு அதுதான் விடை. அது நோயை அழிக்கவில்லை. இறக்கி விட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் டேப்பும் தராசுமாக இருந்தான். இறங்கிய நோய் அதே இனத்தில் பக்கத்தில் இருக்கும் உயிருக்குப் போகும். பதினைந்து அடிக்கு மேல் எட்டாது. விட்டுவந்த உடம்புக்கு ஒன்பது நாள் திரும்பாது, அதுவரை உடம்பில் மருந்து இருக்கும். பத்தாம் நாள் திரும்பும். தாங்குகிற எலி செத்தால் நோயும் அதோடு முடிந்தது. பக்கத்தில் எலியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, ஸ்டோர் ரூமில் ஒற்றை எலிக்கு மருந்து கொடுத்து, அது தேறியதும் வெளியே எடுத்துவிட்டான். நோய் அலமாரிக்கு அடியில் பதினோரு நாள் காத்திருந்தது. பன்னிரண்டாம் நாள் வேறொரு எலியை உள்ளே விட்டபோது அது போய்ப் பிடித்துக்கொண்டது. பேச்சிராஜுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. காத்திருந்தது என்பதுதான் அவனுக்கு ஆகவில்லை.

“எலிக்குத்தானே சார் போவுது. நாம இன்னா வால் வெச்சிக்கினா கீறோம்” என்று சின்னப்பையன் தைரியம் சொன்னான். சொல்லிவிட்டு அவனும் கால்களைத் தூக்கிக்கொண்டான்.

தைவானுக்குப் போன அறிக்கையில் ஈரல் தேறிய கணக்கு மட்டும் இருந்தது. மறுபடி அதே போல் அவித்துத் தரச் சொன்னார்கள். சுந்தராம்பாள் பதினோரு முறை அவித்துப் பார்த்தார். ஒரு முறை அதே கடையில் அதே குங்குமம் வாங்கி வைத்தும் பார்த்தார். ஒன்பதும் முடித்த வேர் ஏட்டில் சொன்னபடி மெதுவாகக் காத்தது. எட்டில் நிறுத்திய வேர் எலியைக் கொன்றது. அந்த ஒரு தடவை வந்தது திரும்ப வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு சாம்பிள் ஜாடியில் எடுத்து வைக்க வேண்டும் என்ற விதிப்படி, அந்த முறையின் பொடி இருநூறு கிராம் அலமாரியில் இருந்தது.

2012 ஆடியில் முத்துச்செல்வியின் கண் மஞ்சளானது. விளக்கு வெளிச்சத்தில் முகத்தை நிமிர்த்தி ஒயர் கட்டும் வேலை என்பதால் லைனில் பக்கத்தில் நின்ற பெண்தான் முதலில் பார்த்தாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஈரல் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். குடிக்காத பெண்ணுக்கும் வரும், காரணம் தெரியாது என்றார்கள். மாற்று ஈரலுக்குப் பெயர் பதிந்தார்கள். பேச்சிராஜ் வீட்டுக்கு வந்து, எலிக்குக் கொடுத்த அளவை மனித எடைக்குப் பெருக்கிப் பார்த்தான். அவளுடைய ஐம்பத்து மூன்று கிலோவுக்குச் சாம்பிள் போதாது. ஐப்பசியில் வயிறு வீங்கி, நீரை எடுத்துவிட்டபோது நாற்பத்தொன்று இருந்தாள். அந்த எடைக்குச் சாம்பிள் போதும்.

சுந்தராம்பாளிடம் கேட்டான். அவர் ஜாடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் ‘பூஞ்சை பிடித்தது, அழிக்கப்பட்டது’ என்று எழுதினார்.

“தம்பி, இதுல சுத்தி முடியல” என்றார். “எடுத்த விஷத்த எங்க கொண்டு போய்க் கரைக்கணும்னு வேருக்குக் கடைசி அவியல்லதான் தெரியும். இதுக்கு எடுக்க மட்டும்தான் தெரியும். யார் மேல எறக்கப் போறீங்கன்னு பாத்துக்கோங்க.”

அவன் தன் மேல் இறக்குவதாக இருந்தான். அறை பத்தடிக்குப் பத்தடி. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஷிப்டு முடிந்து தூங்குகிறவர்கள். பொங்கலுக்கு எல்லோரும் தெற்கே பஸ் ஏறிய பிறகு கொடுத்தால் கிட்டத்தில் தான் மட்டும் இருப்போம் என்று கணக்குப் போட்டான். முத்துச்செல்வியிடம் மருந்து என்று மட்டும் சொன்னான். அவள் மீதியையும் சொல்ல வைத்தாள்.

“அப்போ நான் எந்திரிச்சு நடக்கணும், நீங்க படுக்கணுமாக்கும்?”

“எங்கிட்ட வந்தா நான் பாத்துக்கிடுதேன்.”

“என்னத்தப் பாப்பீங்க? ஒரு காய்ச்சலுக்கே ஊருக்குப் போன் போட்டு அழுத ஆளு.” சிரித்தாள். பிறகு, “ஆளில்லாத எடமாப் பாருங்க, வாரேன். இல்லன்னா எனக்கு வேண்டாம்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆளில்லாத இடம் தேடி அவன் பத்து ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அலைந்தான். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை, நூறு அடிக்கு ஓர் ஆள் இருந்தார். கம்பெனிச் சுவர் தீர்கிற இடத்தில் செக்யூரிட்டி, செக்யூரிட்டி தீர்கிற இடத்தில் டீக்கடை, டீக்கடைக்குப் பின்னால் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள். ஏரிக்கரையில் லாரி கழுவினார்கள். எந்த மணிக்கும் ஒரு ஷிப்டு விட்டது. எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயது. அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தபடி நின்றார்கள். இதில் யாராவது ஒருவன் மேல் இறக்கினால் என்ன என்று பேச்சிராஜுக்குத் தோன்றும். உடனே வண்டியைக் கிளப்பிவிடுவான். கடைசியில் படப்பைக்கு மேற்கே பொன்விழி நகர் என்று வளைவு மட்டும் கட்டி, மஞ்சள் கல் நட்டு விட்டிருந்த மனைப் பிரிவு கிடைத்தது. அறுபத்து நாலு மனை, ஒரு வீடு இல்லை. பின்கோடி முப்பத்தோராம் மனை. அதற்குப் பின்னால் தூர்ந்த குட்டை.

2013 தைப்பொங்கல் அன்று காலை, லைன் வீட்டில் ஏழு பூட்டு தொங்கியது. “ஊருக்குப் போவலயா? இந்த ஒடம்ப வெச்சிக்கினு எங்கம்மா கெளம்பிக்கினே?” என்று கிளியம்மாள் கேட்டார். கோயிலுக்கு என்றார்கள். மனையின் பின்மூலைக் கல்லில் அவளை உட்கார வைத்து, பொடியை வெந்நீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, பேச்சிராஜ் வளைவுக்குப் போய் நின்றான். அங்கே நின்று பார்க்க அவள் சேலையின் நிறம் மட்டும் தெரிந்தது. கால் மணி கழித்து அவள் கால்களைத் தூக்கிக் கல்மேல் வைப்பது தெரிந்தது. நாற்பது நிமிஷத்துக்குப் பின், மூன்று மாதமாகக் கக்கூசுக்குக்கூடக் கைபிடித்துப் போனவள், தானே நடந்து வந்தாள். பசிக்கிறது என்றாள். ஹோட்டல் எதுவும் திறந்திருக்கவில்லை. கிளியம்மாள் வீட்டுப் பொங்கலை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

பின்மூலையில் முப்பதடி வட்டத்துக்குப் புல் நடுமதியத்திலும் நனைந்திருந்தது. ஆடு அங்கே மேய்ந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மனிதருக்காகத்தான் அது இருந்தது. பேச்சிராஜ் வட்டத்துக்கு வெளியே நின்று சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றி அடுக்கினான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியில் இரண்டு பேரும் போய், காய்ந்த முள்ளுக்கு மேல் பச்சை முள் போட்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆச்சரியப்பட்டு ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முத்துச்செல்வி மறுபடி லைனில் நின்றாள், ஓவர்டைம் பார்த்தாள், கன்னத்தில் சதை போட்டாள். எங்காவது சிரித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று, “மழைக்கு முள்ளு சரிஞ்சிருக்குமோ?” என்பாள். இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். இரவில் பேச்சிராஜ் விழித்துக்கொண்டால் பக்கத்தில் அவளும் விழித்திருப்பாள்.

2014இல் மனைகள் விற்கத் தொடங்கின. முன்வரிசையில் இரண்டு வீடு எழும்பியது, தண்ணீர் டேங்க் வந்தது. பேச்சிராஜ் சீட்டு எடுத்து, கம்பெனியில் கடன் கேட்டு, புரோக்கர் ரத்தினத்திடம் போனபோது முப்பத்தொன்று கைமாறி ஒரு வாரம் ஆகியிருந்தது. வாங்கியவர்கள் மானாமதுரைப் பக்கம். அறிவுமதி கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் இருந்தான், அவன் மனைவி தங்கமாரி கண்ணாடிக் கம்பெனியில். ரோட்டில் நின்று கல்லை எண்ணிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள், மனைக்குள் இறங்கவில்லை.

“அந்த மனையில ஒரு நோய் கெடக்கு” என்றான் பேச்சிராஜ்.

ரத்தினம் அவனை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா சார், சுடுகாடா? ஏரிப் பொறம்போக்கா? இல்லல்ல. க்ளியர் டைட்டில் சார். நோய் கீது, பேய் கீதுன்னு வெலய எறக்கப் பாக்குற. பக்கத்துல முப்பத்திரண்டு கீது, வேணுமா?”

அறிவுமதியையும் ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் பிடித்துச் சொன்னான். எலியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். அறிவுமதி மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். “அண்ணே, நாலு வருசம் ஓ.டி. பார்த்த காசுண்ணே. உங்களுக்கு அந்த மனை மேல ஆசைன்னா நேராக் கேட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

தை பன்னிரண்டு, வாஸ்து நாள், பூமி பூஜை என்று தெரிய வந்தது. 2015இல் அது குடியரசு தினத்தில் வந்ததால் எல்லோருக்கும் லீவு. பூஜை பத்தேகாலுக்கு. ஒன்பது மணிக்கே ஜேசிபி வந்து முள்ளை வாரும் என்று ரத்தினம் சொன்னார். முள்ளை வாருகிறவன் வட்டத்துக்குள் இறங்கியாக வேண்டும்.

பேச்சிராஜ் முடிவு செய்துவிட்டான். அதை மனைவியிடம் சொல்லவில்லை. லீவிலும் ஆய்வகத்தில் எலிக்குத் தீனி வைக்க வேண்டும், எட்டு மணிக்குப் போக வேண்டும் என்றான். அவள் சரி என்று, இட்லி வைத்துக் கொடுத்தாள். படப்பைச் சந்தைக்குப் பூ வாங்கப் போய்விட்டு வருவதாகச் சொல்லி ஏழரைக்குக் கிளம்பினாள். அவன் எட்டரைக்குப் பொன்விழி நகருக்குள் வண்டியை விட்டபோது, முள்ளில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விலக்கப்பட்டிருந்தது. உள்ளே, பின்மூலைக் கல்லில், முத்துச்செல்வி உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் இருந்தது. முழங்கையில் முள் கீறி ரத்தம் காய்ந்திருந்தது.

அவன் முள்ளைத் தாண்டி ஓடினான்.

“நில்லுங்க” என்றாள். “பாதி ஏறிட்டு. இப்ப ஆள் மாறினா அது அங்கயும் இங்கயுமாப் போயிரும், ரெண்டு பேர் கைக்கும் அடங்காம. எலியில பாத்த ஆளு நீங்கதான.”

எலியில் அப்படி ஒன்றை அவன் பார்த்ததில்லை. பார்க்காததால் அது பொய் என்றும் சொல்ல முடியவில்லை. வட்டத்தின் விளிம்பில் நின்றான்.

“ஏன் செல்வி?”

“எனக்குப் பழகினது. உங்களுக்குப் புதுசா இருக்கும்.” நனைந்த புல்லைக் காலால் தடவினாள். “ரெண்டு வருசம் வெயிலும் மழையுமா எனக்காக உக்காந்திருந்திருக்கு. அந்தப் புள்ள தங்கமாரிக்கு இத எப்படி அடையாளம் தெரியும்? அது தலைசுத்தல்னு நெனச்சு ஒரு மாத்திரையப் போட்டுட்டு வேலைக்குப் போயிரும்.”

புல் விளிம்பிலிருந்து உள்ளே உள்ளே காய்ந்துகொண்டு போனது. அவன் வாட்சைப் பார்த்தபடி நின்றான். வேறு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கல்லைச் சுற்றிய கடைசி ஈரமும் போயிற்று. அதற்குள் ஜேசிபி வந்து முள்ளுக்கு வெளியே நின்றிருந்தது. அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தாள். கண் வெள்ளை அப்போதே லேசாகப் பழுத்திருந்தது.

பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் அறிவுமதியும் தங்கமாரியும் செங்கல், வாழையிலை, ஐயருடன் வந்து இறங்கினார்கள். அறிவுமதி பேச்சிராஜைப் பார்த்ததும் முகம் சுருங்கினான். தங்கமாரிக்கு ஒன்றும் தெரியாது. ஊரிலிருந்து யாரும் வரவில்லை, முன்வரிசை வீடுகளிலிருந்து மூன்று பெண்கள்தான் வந்திருக்கிறார்கள் என்ற கவலையில் இருந்தவள் முத்துச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, சுமங்கலிங்க அஞ்சு பேர் கல்லெடுத்து வைக்கணுமாம். என்னையும் சேத்து நாலுதான் இருக்கோம். நீங்க இருந்து வச்சுட்டுப் போங்கக்கா.” முத்துச்செல்வி இருந்தாள். ஈசானிய மூலைக் குழியில் மஞ்சள் தடவிய செங்கல்லை இரண்டு கையாலும் வைத்தாள். தாம்பூலம் வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறும்போது பேச்சிராஜின் தோளைப் பிடிக்காமல் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் ஆனியில் இறந்தாள். நோய் அவளோடு முடிந்தது. பேச்சிராஜ் அறையைத் தேய்த்துக் கழுவி, உள்ளங்கையைத் தரையில் பதித்து மூலை மூலையாகப் பார்த்தான். எங்கும் சாதாரணச் சூடுதான் இருந்தது. அவள் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

ஆவணிக் கடைசியில் அறிவுமதி கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு லைன் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் வாசலிலேயே நின்றான். “அன்னைக்கு அக்கா எந்திரிச்சு வந்தப்ப ஜேசிபிக்காரன் பாத்திருக்கான்ணே. அந்த எடத்துல புல்லு கண்ணு முன்னால காஞ்சுச்சாம். பொறகுதான் எனக்கு நீங்க சொன்னது வெளங்குச்சு” என்றான். பேச்சிராஜ் பத்திரிகையை வாங்கிக்கொண்டான். துக்க வீட்டுக்காரன் புதுமனைக்குப் போகலாமா என்று கிளியம்மாள் யோசித்தார். பிறகு, “போய்க்கினு வா, உன் பொண்டாட்டி எடம்தானே” என்றார்.

பின்மூலையில் அடுப்படி வந்திருந்தது. தங்கமாரி அவனை அங்கே கூட்டிப்போய்க் காட்டி, முதலில் பொங்கிய பாலைக் கிண்ணத்தில் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் நின்றபடி குடித்தான். சூடாக இருந்தது. அடுத்த பந்திக்கு இலை போட்டார்கள்.